கைப்பேசியைப் பறிப்பதற்கு முன்

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். சில மாதங்களாக மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. நள்ளிரவு தாண்டியும் போனில் எதையோ எழுதிக்கொண்டே இருக்கிறாள். செய்தி வரும் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்துவிடுகிறது. போன வாரம் அவள் தூங்கிய பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். முகம் தெரியாத யாரிடமோ, “நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி” என்று எழுதியிருந்தாள். கூகுளில், “அழுகையை நிறுத்துவது எப்படி”, “யாரிடம் பேசலாம்” என்றெல்லாம் தேடியிருந்தாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போனை வாங்கி வைத்துவிடலாமா? இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இணையத்திலும் போனிலும் உதவி கிடைக்கிறது என்கிறார்களே, அதை நம்பலாமா? போலீஸ், வழக்கு என்று ஏதாவது வருமா? வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் பார்க்கும்போது பேச்சாகிவிடாதா?
— ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளை வரை தள்ளிப்போடாமல், இன்றைக்கே உங்கள் மகளிடம், “சாக வேண்டும் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா?” என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்ற அச்சம் பெரும்பாலான பெற்றோருக்கு உண்டு. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை இத்துறையில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீண்ட நாள் தனியாகச் சுமந்த ஒன்றை அம்மாவே பெயர் சொல்லிக் கேட்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். அந்த அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். அதை நிறுத்தவும் முயல வேண்டாம். பாட்டியோ பக்கத்து வீட்டாரோ இல்லாத நேரத்தில், நேருக்கு நேர் உட்கார வைத்து விசாரிப்பதுபோல் இல்லாமல், துணி மடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ பக்கத்தில் இருந்தபடி கேட்டால், பதில் சொல்வது அவளுக்கு எளிதாக இருக்கும்.

“ஆமாம்” என்று அவள் சொன்னால், எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாளா என்பதையும் அதே அமைதியோடு கேளுங்கள். யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் ஒரு நிமிடம்கூட அவளைத் தனியாக விடாமல், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். அந்தக் கட்டத்தில் இணையமும் தொலைபேசி ஆலோசனையும் போதாது.

பதில் எதுவாக இருந்தாலும், வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து, எலிமருந்து, பழைய மாத்திரைகள் போன்றவற்றை இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்திவிடுங்கள். இதைச் சிறிய வேலை என்று எண்ண வேண்டாம். இலங்கையில் 1995-ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமான விகிதங்களுள் ஒன்றாக இருந்தது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதியை அந்நாடு படிப்படியாகத் தடுத்த பிறகு, அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாக வேண்டும் என்ற உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடுகின்றன.

இனி உங்கள் முதல் கேள்வி. கைப்பேசியை இப்போது பறிக்காதீர்கள்.

காரணத்தை உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். “யாரிடம் பேசலாம்” என்று அவள் தேடியிருக்கிறாள். வாழ்வதற்கு ஒரு வழியைத் தேடும் பிள்ளையின் கேள்வி அது. தனக்கு உதவி தேவை என்பதை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். பல பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் எடுக்கத் தயங்கும் அடியை இந்தச் சிறுமி தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். அதே கைப்பேசியை இந்த நேரத்தில் பிடுங்கினால், வாய் திறந்தால் தண்டனைதான் கிடைக்கும் என்ற பாடத்தையே அவள் கற்றுக்கொள்வாள். அடுத்த முறை தோழியின் போனில் எழுதுவாள், நமக்குத் தெரியாது. அல்லது எங்குமே எழுதமாட்டாள். அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

போனைப் பார்த்ததை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். “உன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் எடுத்துப் பார்த்தேன். நீ கோபப்பட்டால் அது நியாயம்தான். ஆனால் நீ எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை” என்ற அளவில் சொன்னால் போதும். இனி அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்ப்பதில்லை என்றும், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் பார்ப்பேன் என்றும் கூறுங்கள். இரவுத் தூக்கம் மிக முக்கியம் என்பதால், பத்தரை மணிக்கு மேல் உங்கள் போன், அவள் போன் இரண்டையும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் போடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்யலாம். ஆனால் யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்று தோன்றினால் எந்நேரமும் அவள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பெற்ற தாயிடம் சொல்லாததை முகம் தெரியாதவரிடம் சொல்கிறாளே என்ற வலி உங்கள் வரிகளில் தெரிகிறது. இதை உங்கள் வளர்ப்பின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முகம் தெரியாதவர் அவளைப் பார்த்து அழமாட்டார், அப்பாவுக்குப் போன் போடமாட்டார், நாளைக் காலை உணவு பரிமாறும்போது அவள் முகத்தை உற்றுப் பார்க்கமாட்டார். உங்களை நோகடித்துவிடுவோமோ என்ற பயம் பல நேரங்களில் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. மனித மனத்தின் இந்த இயல்பைப் புரிந்துகொண்டுதான் 1953-இல் லண்டனில் ஒரு பாதிரியார், துயரத்தில் இருப்பவர்கள் பெயர் சொல்லாமல் அழைத்துப் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். 1986-இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கியதும் அதே புரிதலில்தான். 1998-இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களுக்கென்றே ஓர் இணையவழி மனநலச் சேவை ஏற்பட்டபோது, குரல்கூடத் தேவையில்லை என்றாயிற்று. உங்கள் மகள் தேடியதும் இப்படி ஓர் இடத்தைத்தான். வழிகாட்ட ஆளில்லாததால் யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறாள். சரியான இடத்தைக் காட்டுவதுதான் இப்போது உங்கள் வேலை.

நான் முதலில் சொல்லும் இடம் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் இந்தச் சேவை 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடைபெறுகிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர்; அவர் பேசிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ இணைப்பைக் கொடுப்பார், அல்லது நேரில் எந்த மருத்துவமனைக்குச் செல்லலாம் என்று சொல்வார். அழைப்பதற்குப் பெற்றோர் கையெழுத்து எதுவும் தேவையில்லை. முதல் முறை நீங்கள் பக்கத்தில் இருந்து எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு, அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள். ஒரு முறை பேசியதில் மனம் ஒட்டவில்லை என்றால், இந்த வழியே சரியில்லை என்று அவள் முடிவுகட்டிவிடக் கூடும். வேறொரு நாள், வேறொரு ஆலோசகரிடம் பேசிப் பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சிநேகாவின் எண் 044-24640050. அங்கே பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்கள் மருந்து எழுதமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். குறை காணாமல் காதுகொடுத்துக் கேட்பார்கள். அறிவுரை கேட்டுச் சலித்துப்போன பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். சிநேகாவுக்கு மின்னஞ்சலிலும் எழுதலாம். மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2012 முதல் நடத்திவரும் ‘ஐகால்’ சேவையிலும் தொலைபேசியோடு எழுத்துவழி ஆலோசனை உண்டு. எழுத்துவழி என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில், தையல் எந்திரம் ஓடும் இடத்திலிருந்து நான்கடி தள்ளி உட்கார்ந்து, ஒரு பெண் தன் மனத்தில் இருப்பதை வாய்விட்டுப் பேச முடியாது. மொட்டை மாடிக்குப் போனாலும் அடுத்த வீட்டு மாடியில் யாராவது துணி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். அவள் இரவில் எழுதியதே அதனால்தான் இருக்கும். பேச இடமில்லாத பிள்ளைக்கு எழுத இடமிருக்க வேண்டும்.

படிப்பு, தேர்வு, பள்ளியில் யாராவது தரும் தொல்லை ஆகியவை காரணம் என்றால், தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் இருக்கிறது. அடி, பாலியல் தொல்லை, கட்டாயத் திருமணம் போன்ற எதுவாக இருந்தாலும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. இங்கே ஒன்றை அவளிடம் மறைக்கக் கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை ஆலோசகருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும்கூட உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றாலும் ஆலோசகர் வாய் மூடி இருக்க முடியாது. இந்த இரண்டையும் தவிர அவள் சொல்வது வெளியே போகாது என்று சொல்லுங்கள். எல்லாம் ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளை மீண்டும் யாரையும் நம்பாது.

செய்தி வரும் சத்தத்துக்கே முகம் வெளுக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை நான் பலமுறை படித்தேன். வகுப்பில் நடக்கும் கேலியாக இருக்கலாம், ஒரு காதல் முறிவாக இருக்கலாம். ஆனால் இந்த வயதில், நம்பி அனுப்பிய ஒரு படத்தையோ, முகத்தை மட்டும் எடுத்து ஒட்டிப் போலியாக உருவாக்கிய ஒரு படத்தையோ வைத்துக்கொண்டு யாராவது மிரட்டும் வாய்ப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. “யாராவது உன்னை மிரட்டுகிறார்களா? என்ன நடந்திருந்தாலும் நான் உன் பக்கம்தான்” என்று கேளுங்கள். அப்படித்தான் என்று தெரிந்தால், அந்த நொடியில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் மிக முக்கியமானது. “ஏன் அனுப்பினாய்?” என்ற கேள்வியை அன்று விழுங்கிவிடுங்கள். குற்றம் செய்தவன் மிரட்டுகிறவன், அவள் குழந்தை.

மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடவும் வேண்டாம், அதன் திரைப்பிடிகள் (ஸ்கிரீன்ஷாட்) தான் சான்று. மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் வெளியிடாமலும் பதியலாம். சைபர் குற்ற உதவி எண் 1930. படம் பரவாமல் தடுப்பதற்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்காக இயங்கும் தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. பதினெட்டு வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களுக்கானது அது. இந்தியாவிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் தர வேண்டாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதும் இல்லை. படம் அவள் போனிலேயே இருக்கும். அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் கைரேகை போன்ற ஓர் எண்குறி மட்டும் அந்த மையத்துக்குப் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் உள்ளிட்ட, இத்திட்டத்தில் இணைந்துள்ள தளங்கள் அந்தக் குறியோடு பொருந்தும் படத்தைக் கண்டறிந்து நீக்க முடியும். “இனி ஒன்றும் செய்ய முடியாது, எல்லோரும் பார்த்துவிடுவார்கள்” என்ற முடிவிலிருந்துதான் பல பிள்ளைகள் உயிரை வெறுக்கிறார்கள். செய்வதற்கு வழி இருக்கிறது என்ற செய்தியே சில நேரம் அவர்களை மீட்டெடுக்கிறது.

அவள் எழுதிக்கொண்டிருக்கும் அந்த முகம் தெரியாதவர் யார் என்பதையும் அவளோடு சேர்ந்து பாருங்கள். அவரும் துயரத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளையாக இருக்கலாம். அப்படியானால் அவருக்கும் 14416 என்ற எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் படம் கேட்பவர், வேறொரு செயலிக்கு வா என்று அழைப்பவர், “வீட்டில் சொல்லாதே” என்பவர், பணம் கேட்பவர், எத்தனை நாளில் சரியாகும் என்று உறுதி கூறுபவர் எவராக இருந்தாலும் அவர் ஆலோசகர் இல்லை. இப்போது பலர் சமூக வலைத்தளங்களில் ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உண்மையானவர் தயங்காமல் சொல்வார்.

அவள் பார்க்கும் காணொளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சோகக் காணொளியைச் சில நொடிகள் அதிகம் பார்த்தால், அதே போன்ற இன்னும் பலவற்றைக் கொண்டுவந்து நிறுத்தும்படிதான் இந்தத் தளங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. 2017-இல் பதினான்கு வயதில் உயிரிழந்த லண்டன் சிறுமி ஒருவரின் இறப்பை விசாரித்த அதிகாரி, அவருக்குத் தொடர்ந்து காட்டப்பட்ட இத்தகைய பதிவுகளும் அந்த இறப்புக்கு ஒரு காரணம் என்று 2022-இல் முடிவு கூறினார். இதற்கு மறுபக்கமும் உண்டு. சாக நினைத்து, அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளியாகும்போது தற்கொலைகள் குறைவதோடு தொடர்பு இருப்பதை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010-இல் கண்டார்கள். ஆகவே திரையே பார்க்காதே என்று சொல்வதைவிட, மனத்தை இழுத்துக் கீழே தள்ளும் பதிவுகள் வரும்போது ‘விருப்பமில்லை’ என்று அழுத்துவது எப்படி, அந்தக் கணக்குகளை விலக்குவது எப்படி என்பதை இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து செய்து பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் மனம் திறக்கும் பிள்ளைகளும் இப்போது அதிகம். மூச்சுப் பயிற்சி, தூக்க ஒழுங்கு போன்றவற்றுக்கு அவை ஓரளவு உதவலாம். ஆனால் எதிரில் இருப்பவர் சொல்வதற்கெல்லாம் இசைந்து பேசும் போக்கு அவற்றுக்கு உண்டு, ஆபத்து நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்ட அவற்றால் முடியாது. சாக நினைக்கும் பிள்ளைக்கு அவற்றை மட்டும் துணையாக விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இவை எல்லாம் செய்தும் உணவும் தூக்கமும் இரண்டு வாரங்களில் சீராகவில்லை என்றால் நேரில் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். பேசி முடிப்பது போதுமா, மாத்திரை வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். மாத்திரை என்றாலே வாழ்நாள் முழுவதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். எண்ணம் வந்ததற்காக எவர் மீதும் வழக்கு கிடையாது. முயன்றவர்களைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமையை அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர்கள் மீது சுமத்தியிருக்கிறது. வரன் பேச்சு வரும்போது மருத்துவமனையிலிருந்து யாரும் வந்து சொல்லப்போவதில்லை. அக்கம்பக்கத்தாரின் பேச்சை நினைத்து ஒரு வாரம் தள்ளிப்போடுவதால் ஏற்படும் ஆபத்து, அந்தப் பேச்சைவிட மிகப் பெரியது, சகோதரி.

உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன் மகளிடம், “அப்பாவுக்குச் சொல்லப் போகிறேன், எப்படிச் சொல்லட்டும்?” என்று கேட்டுவிடுங்கள். அவர் பதறிப்போய் வீடியோ அழைப்பில் அவளை விசாரிக்கத் தொடங்காமல், சாப்பிட்டாயா, பள்ளியில் என்ன நடந்தது என்று வழக்கம்போல் தினமும் சில நிமிடங்கள் பேசினால் போதும். வகுப்பாசிரியருக்குச் சொல்வதையும் அவள் சம்மதித்த பிறகே செய்யுங்கள்.

போன வாரத்திலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 14416 என்ற எண் உங்களுக்கும் உரியது. பிள்ளையை நினைத்துத் தவிக்கும் பெற்றோரும் அழைக்கலாம். மகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் முதலில் நீங்களே அழைத்துப் பேசுங்கள். அங்கே எப்படிப் பேசுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மாலையில் அவள் வந்ததும், “நான் பேசினேன், இப்படி இருந்தது” என்று சொல்லி அந்த எண்ணை அவளிடம் கொடுக்கலாம்.